சாய்ந்தமருதுக்கு எத்தனை எழுத்து?

விரல் விட்டு எண்ணிப் பாருங்க. சா, ய், ந், த, ம, ரு, து. ஏழு. ஆண்டு ஒன்று படிக்கிற பிள்ளையும் பிழையில்லாமல் சொல்லும். இதே கேள்வியைப் பைத்தனிடம் கேட்டால் பன்னிரண்டு என்று பதில் வருது.

இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு எங்கட அஞ்சு பேரின் வாட்ஸ்அப் குழுவில் விழுந்த புதிர் இதுதான். "நம்மட ஊர்ப் பேரில் எத்தனை எழுத்து எண்டு போனைச் சொல்ல வைங்க பாப்பம்." பத்து நிமிசத்தில் முடிச்சிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைச்சோம். மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளில் படிச்சதை வைத்துத்தான் இந்தக் கட்டுரையே எழுதுறோம்.

முதலில் எங்களைப் பற்றி. அஞ்சு பேரும் கலைப் பிரிவு. ஏ.எல்லில் தமிழ், இஸ்லாமிய நாகரிகம், புவியியல், அரசியல் என்று படிச்சிட்டு இப்போ கெம்பஸில் கலைப் பீடத்தில் இருக்கிறோம். கணிதத்தோடு எங்கட உறவு ஓ.எல்லோடு முடிஞ்சது என்றுதான் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். ஆனாலும் கொஞ்ச காலமாக ஒரு பழக்கம் வந்திருக்கு. நாளுக்கு ஒரு சின்னப் புதிர். பெரிய செயலி இல்லை, வெப்சைட்டும் இல்லை. பத்து, பதினைந்து வரியில் முடிகிற ஒரு கணக்கு. போனிலேயே எழுதி ஓட்டலாம். ஒருவர் புதிர் போடுவார், மற்ற நாலு பேரும் அடுத்த நாளைக்கிடையில் விடை அனுப்ப வேணும்.

இதைச் சொன்னால் மூன்று விதமான பதில் வரும். "கலைப் பிள்ளைகளுக்கு என்னத்துக்கு இது?" "ஐ.டி. வேலைக்குப் போகப் போறீங்களா?" "இதெல்லாம் இப்போ ஏ.ஐ. செய்யுதே?" எங்கட கருத்து நேர்மாறானது. வேலைக்குப் போகாதவர்களும்தான், முக்கியமாக எங்களைப் போலக் கலை படிக்கிறவர்கள்தான், இந்தச் சின்னப் புதிர்களைப் போட்டுப் பார்க்க வேணும். ஏன் என்று சொல்றோம்.

பன்னிரண்டு எங்கேயிருந்து வந்தது?

கணினிக்கு 'சா' என்பது ஒரு எழுத்து இல்லை. 'ச' ஒன்று, துணைக்கால் இன்னொன்று. 'ய்' என்றால் 'ய' ஒன்று, புள்ளி ஒன்று. 'ரு' என்றால் 'ர' ஒன்று, உகரக் குறி ஒன்று. இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் யூனிகோட்டில் தனி இலக்கம். துண்டுகளை எண்ணினால் ச, ா, ய, ், ந, ், த, ம, ர, ு, த, ு. பன்னிரண்டு. பைத்தன் பொய் சொல்லவில்லை, எங்கட கேள்வியை அது வேற கேள்வியாக விளங்கிக்கொண்டது.

அடுத்த நாள் ஊர்ப் பெயரைத் தலைகீழாகப் போடச் சொன்னோம். எழுத்துக் கணக்கில் 'துருமதந்ய்சா' என்று வர வேணும். வந்ததோ 'ுதுரமத்ந்யாச'. முதலில் நிற்கிற உகரக் குறிக்கு ஒட்டிக்கொள்ள ஒரு எழுத்து இல்லாமல் அநாதையாகத் தொங்குது. சரியாக 'ம' என்ற எழுத்தில் இருந்த எங்கட நம்பிக்கை மட்டும்தான் மிஞ்சியது. அது ஒன்றுதான் நடுவில் குறியில்லாமல் அப்படியே வந்தது.

இதைச் சரிக்கட்ட என்ன தெரிய வேணும்? எட்டாம் ஆண்டில் படிச்ச இலக்கணம் தெரிய வேணும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. எது மெய், எது உயிர்மெய், குறி எதோடு சேரும், புள்ளி எங்கே நிற்கும். "குறியோ புள்ளியோ வந்தால் முந்தின எழுத்தோடு சேர், இல்லாவிட்டால் புது எழுத்துத் தொடங்கு." விடை இந்த ஒரு வசனம்தான். எங்களில் இதை முதலில் கண்டுபிடிச்சவர் தமிழைச் சிறப்புப் பாடமாகச் செய்கிறவர். கணினிப் பாடம் படிச்ச ஒரு உறவுக்காரப் பொடியன் இரண்டு நாளாகத் தலையைச் சொறிஞ்சுகொண்டிருந்தார்.

அன்வருக்கும் அப்துலுக்கும் இடையில்

இதுக்குப் பிறகு வந்த புதிர் இன்னும் சுவாரசியம். ஒரு வகுப்பு வரவுப் பதிவேடு. அப்துல், அன்வர், அஜ்மல், அஹமது. அகர வரிசைப்படுத்த வேணும். தமிழ் நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய். கிரந்த எழுத்துகள் அதுக்கும் பின்னால். ஆக அப்துல், அன்வர், அஜ்மல், அஹமது என்பதுதான் சரி.

பைத்தனிடம் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் அஜ்மல், அன்வர், அப்துல், அஹமது என்று தருது. ஏனென்றால் யூனிகோட் அட்டவணையில் 'ச'வுக்கு அடுத்ததே 'ஜ'. 'ந'வுக்குப் பக்கத்துல 'ன', அதுக்குப் பிறகுதான் 'ப'. ஏன் அப்படி? 1991இல் யூனிகோட்டின் முதல் பதிப்பு வந்தபோது இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது, இந்தியாவில் 1988இல் செய்த 'இஸ்கி' என்ற குறியீட்டு அட்டவணையைப் பின்பற்றி. அது எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் அடுக்கியது. அந்த அச்சு தேவநாகரி. தமிழின் நெடுங்கணக்கு அந்த அச்சுக்குள் மடங்கிப் போனது.

கவனிச்சீங்களா? சாய்ந்தமருதில் ஒரு வரவுப் பதிவேட்டில் அன்வர் அப்துலுக்கு முன்னால் போனதுக்குக் காரணம், நாங்க பிறக்க முந்தியே எங்கேயோ ஒரு மேசையில் எடுத்த ஒரு முடிவு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எல்லா மொழியையும் ஒரே மாதிரி வைத்தால் வசதி என்று நினைச்சார்கள். ஆனால் அதன் விளைவு இன்றைக்கும் எங்கட போனுக்குள் இருக்கு. இதை எந்த விரிவுரையும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாலு பெயரை வரிசைப்படுத்தப் போய்த் தெரிஞ்சுகொண்டோம்.

'ஆனால்' என்ற சொல்

புதிர் போடத் தொடங்கின புதுசில் எங்களில் இரண்டு பேருக்கு ஆங்கிலம்தான் பெரிய மதிலாக இருந்தது. கட்டளைகள் ஆங்கிலம், பிழைச் செய்தி ஆங்கிலம், விளக்கம் ஆங்கிலம். அப்போதான் 'எழில்' கைக்கு வந்தது.

எழில் ஒரு சின்ன நிரல்மொழி. முழுக்கத் தமிழ்ச் சொற்கள். அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. 2009இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார், 2013இல் திறந்த மூலமாக எல்லாருக்கும் கொடுத்தார். பைத்தனின் மேல் கட்டப்பட்டது. முக்கியமாகத் தமிழ்ப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக என்று செய்தது. திரையில் காட்ட 'பதிப்பி'. திரும்பத் திரும்பச் செய்ய 'வரை'. ஒரு வேலையை முடிக்க 'முடி'.

எங்களுக்கு மிகப் பிடிச்சது 'ஆனால்'. தேசிய அடையாள அட்டைப் புதிர் ஒன்றுக்கு நாங்க எழுதின துண்டைப் பாருங்க:

@( நாள் > 500 ) ஆனால்
    நாள் = நாள் - 500
    பதிப்பி "பெண்"
இல்லை
    பதிப்பி "ஆண்"
முடி

ஆங்கில மொழிகளில் 'இஃப்' முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' கடைசியில். நாங்க பேசுறதும் அப்படித்தானே? 'மழை பெய்தால்', 'நேரம் ஆனால்'. வினை கடைசியில்தான் வரும். கட்டுரையில் 'ஆனால்' என்று எழுதும்போது அதை எதிர்ப்பொருளுக்கு மட்டும் வைச்சிருக்கிறோம். அது 'ஆகு' என்ற வினையின் நிபந்தனை வடிவம் என்பதை ஒரு நிரல்மொழி ஞாபகப்படுத்தியது.

இன்னொன்றையும் யோசிச்சுப் பாருங்க. பைத்தனைச் செய்தவர் நெதர்லாந்துக்காரர். ரூபி என்ற மொழியைச் செய்தவர் ஜப்பானியர். லுவா என்ற சின்ன மொழி 1993இல் பிரேசிலில், ரியோ டி ஜனைரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 'லுவா' என்றால் போர்த்துக்கேய மொழியில் நிலா. பெயர் போர்த்துக்கேயம், உள்ளே இருக்கிற கட்டளை எல்லாம் ஆங்கிலம். மூன்று நாட்டுக்காரரும் தங்கட தாய்மொழியை வாசலில் கழற்றி வைச்சிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

2012இல் ராம்ஸி நாசர் என்பவர் அரபியிலேயே ஒரு மொழி செய்தார். அதன் பெயர் 'கல்ப்'. நம்மட வீடுகளில் "கல்பு சுத்தமா இருக்கணும்" என்று சொல்றோமே, அதே கல்பு. அதை வைத்து யாரும் வங்கி நடத்தப் போறதில்லை என்று அவருக்கும் தெரியும். நிரல் உலகம் எவ்வளவு ஆங்கிலத்தில் ஊறிப்போயிருக்கு என்று காட்டத்தான் செய்தார். எழிலுக்கும் எல்லை இருக்கு. ஆயத்தமான கருவிகள் பைத்தனுக்கு இருக்கிற அளவுக்கு இல்லை, எழுதுகிற ஆட்களும் குறைவு. நாங்களே மூன்று மாதத்தில் பைத்தனுக்கு மாறிட்டோம். ஆனாலும் எழிலில் தொடங்கினவர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது: கஷ்டம் ஆங்கிலத்திலா, கணக்கிலா என்று பிரிச்சுப் பார்க்க முடிஞ்சது. பயம் பாதி அங்கேயே போயிட்டு. முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் செய்த 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தன் தொகுப்பு வேற இருக்கு. அது சாய்ந்தமருதை ஏழு எழுத்தாகவே பிரிச்சுத் தரும். மூன்று நாள் மண்டையை உடைச்ச பிறகுதான் அதைக் கண்டோம். முதலே கண்டிருந்தால் ஒன்றும் படிச்சிருக்க மாட்டோம்.

உம்மாமாரின் பிறந்தநாள்

மேலே சொன்ன அடையாள அட்டைப் புதிர் இதுதான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். 2016க்குப் பிறகு வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருசம். அடுத்த மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியைச் சொல்ல வேணும். அவ்வளவுதான் புதிர்.

எழுதினோம். வீட்டில் எல்லாருடைய அட்டையையும் வாங்கிச் சோதிச்சோம். ஒருவருடைய உம்மா 1974 மார்ச் 1. இலக்கம் 74561 என்று தொடங்குது. 561இல் 500 போனால் 61. 1974ஆம் வருசத்தின் 61ஆம் நாள் மார்ச் 2. ஒரு நாள் பிந்திட்டு. ஜனவரியில் பிறந்தவர்களுக்குச் சரியாக வருது, லீப் வருசத்தில் பிறந்தவர்களுக்கும் சரியாக வருது, மற்றவர்களுக்கு மார்ச்சிலிருந்து எல்லாம் ஒரு நாள் பிழை.

விசயம் என்னவென்றால், அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருசத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள். லீப் வருசமோ இல்லையோ. அதனால் சாதாரண வருசத்தில் 60 என்ற நாளே யாருக்கும் வராது. காகிதத்தில் ஒரே ஒரு அட்டவணையை வைத்து எல்லா வருசத்துக்கும் கணக்குப் பார்க்கிறவருக்கு இது நல்ல வசதிதான். தெரியாமல் நிரல் எழுதுகிறவருக்கு உம்மாவின் பிறந்தநாள் பிழைக்கும்.

இதில் 500 கழிக்கத் தெரிஞ்சால் போதும். இதுக்கு ஏ.எல். கணிதம் வேணுமா?

ஒன்றை மறந்திடக் கூடாது. அல்கோரிதம் என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அல்ஜிப்ராவுக்குப் பெயர் கொடுத்த அவருடைய நூலில் ஒரு பெரிய பகுதி வாரிசுச் சொத்தைப் பங்கிடுகிற கணக்கு. மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, மரண சாசனம் இருந்தால் என்ன. நம்மட ஊரில் இன்றைக்கும் ஒரு மௌத்துக்குப் பிறகு பெரியவர்கள் இருந்து போடுகிற அதே கணக்கு. அவருக்கும் அது அன்றாடப் புதிர்தான். அதைப் பெரிய இயந்திரத்துக்காக அவர் எழுதவில்லை, அடுத்த வீட்டுப் பிரச்சினைக்காக எழுதினார்.

நாங்க பிழைச்ச கதை

இதுவரைக்கும் கணினி பிழைச்சதாகவே சொல்லிக்கொண்டு வந்தோம். இனி எங்கட பிழை.

போன நோன்புக்கு எங்கட பக்கத்து ஒழுங்கைகளில் உலர் உணவுப் பொதி கொடுக்கப் பெயர் எடுத்தார்கள். நாலு பேர் நாலு கொப்பியில் எழுதினார்கள். ஒரே வீடு இரண்டு கொப்பியில் இருந்தது. ஒரு கொப்பியில் 'சித்தி பாத்திமா', இன்னொன்றில் 'ஸித்தி பாத்திமா'. ஒன்றில் 'சகர்பான்', மற்றதில் 'ஸஹர்பான்'. நம்மட பெயர்களின் கதை தெரியும்தானே. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, நிக்காஹ் பதிவில் மூன்றாவது மாதிரி. (இங்கே வருகிற பெயர்கள் மாற்றப்பட்டவை.)

பட்டியலைச் சுத்தம் செய்து தரச் சொல்லி எங்களிடம் வந்தது. எங்களுக்கு எவ்வளவு பெருமை! நாளுக்கு ஒரு புதிர் போடுகிற ஆட்கள் நாங்க. ஹ வந்தால் க என்று எடு, ஸ வந்தால் ச என்று எடு, பிறகு பெயரும் ஒழுங்கையும் ஒத்துப்போனால் ஒன்றை அழி. இருபது வரி. ஓட்டினோம். இருபத்திமூன்று பெயர் அழிஞ்சது. "இருபத்திமூன்று பொதி மிச்சம்" என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள்.

பெருநாளைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு மாமி வந்தார். அவருக்குப் பொதி வரவில்லை. அதே ஒழுங்கை, அதே பெயர், ஆனால் வேற ஆள். ஒரே ஒழுங்கையில் இரண்டு சித்தி பாத்திமா. ஒருவருக்கு மூன்று மகன்மார் வெளிநாட்டில். மற்றவர் தனியாக இருக்கிறவர். எங்கட நிரல் இரண்டாவது பெயரைத்தான் அழிச்சிருக்கு, இவர்தான் இரண்டாவது. அவர் கோபப்படவுமில்லை. "பருவாயில்ல மகள், கணக்குப் பிழைச்சிருக்கும்" என்று சொல்லிட்டு எழும்பினார். நாங்க ஒரு பொதியைக் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனோம். அன்றைக்கு இரவு யாரும் புதிர் போடவில்லை.

அடுத்த நாள் அழிஞ்ச இருபத்திமூன்று பெயரையும் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். இன்னும் இரண்டு வீடு அதே மாதிரி. மொத்தம் மூன்று. மற்ற இருபதும் உண்மையிலேயே இரட்டைப் பதிவு.

நிரலில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. சொன்னதை அது சரியாகச் செய்தது. பிழை எங்கட வசனத்தில் இருந்தது: "பெயரும் ஒழுங்கையும் ஒன்றென்றால் ஆள் ஒன்று." இதை வாயால் சொல்லியிருந்தால் அந்த ஒழுங்கையில் இருக்கிற எந்தப் பிள்ளையும் சிரிச்சிருக்கும். நிரலாக எழுதினபடியால் யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை, அதை எழுதின எங்களுக்கே வந்திட்டு.

இப்போ அந்த நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றியிருக்கிறோம். முந்தி ஒத்த பெயரை அழிச்சது. இப்போ "இந்த இரண்டும் ஒரே ஆளா? போய்க் கேளுங்க" என்று பதிப்பிக்குது. இந்த வருசம் அந்தப் பட்டியலோடுதான் வீடுகளுக்குப் போனோம்.

அப்படியென்றால் யார் எழுத வேணும்?

சுனாமி வந்த காலத்தில் நாங்க கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. ஆனால் வீடுகளில் இன்றைக்கும் 'லிஸ்ட்' என்ற சொல்லுக்கு ஒரு கனம் இருக்கு. லிஸ்டில் பெயர் இருந்ததா, இல்லையா. இப்போ அந்த லிஸ்ட் எல்லாம் கொப்பியிலிருந்து கணினிக்குப் போகுது. உதவிப் பணம், பரீட்சை, வங்கி, வாக்காளர் இடாப்பு எல்லாமே. எங்கேயோ ஒருவர் 'ஒரே ஆள்' என்றால் என்ன, 'ஒரு எழுத்து' என்றால் என்ன, 'ஒரு வீடு' என்றால் என்ன என்று ஒரு வரியில் தீர்மானிக்கிறார். அவருக்கு 'சகர்பான்'உம் 'ஸஹர்பான்'உம் தெரியுமா? ஒரே வளவுக்குள் மூன்று மகள்மார் மூன்று வீடு கட்டி இருக்கிற நம்மட வழக்கம் தெரியுமா?

இது தெரிஞ்சவர்கள் யார்? மொழி படிக்கிறவர்கள், சமூகவியல் படிக்கிறவர்கள், புவியியலுக்காக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து படம் கீறினவர்கள். நாங்கதான். ஆனால் எங்களுக்கு நிரலை வாசிக்கத் தெரியாது என்றால், பிழைச்ச பட்டியலுக்கு முன்னால் நாங்களும் அந்த மாமி மாதிரி "கணக்குப் பிழைச்சிருக்கும்" என்று சொல்லிட்டு எழும்பிப் போக வேண்டியதுதான். எந்த வரியில் பிழைச்சது என்று கேட்க வராது.

ஏ.ஐ. செய்யும்தானே என்கிறவர்களுக்கு: நாங்களும் கேட்டுப் பார்த்தோம். ஊர்ப் பெயரைத் தலைகீழாக்க நிரல் கேட்டபோது முதலில் வந்தது அநாதை உகரக் குறியோடு நின்ற அதே விடை. "தமிழ் எழுத்தாகப் பிரி" என்று சொன்ன பிறகு சரியாகத் தந்தது. அப்படிச் சொல்ல வேணும் என்று எங்களுக்குத் தெரிஞ்சது அந்த மூன்று நாளால். பொதிப் பட்டியலை அதனிடம் கொடுத்திருந்தாலும், 'பெயரும் ஒழுங்கையும் ஒன்றென்றால் அழி' என்ற எங்கட வசனத்தை அது இன்னும் வேகமாக நிரலாக்கித் தந்திருக்கும். இரண்டு பாத்திமாவும் இருக்கிறார்கள் என்ற செய்தி அந்த ஒழுங்கையில் மட்டும்தான் இருந்தது.

வேலை கிடைக்குமா என்கிறவர்களுக்கு: தெரியாது. கிடைச்சால் நல்லம். நாங்க அதுக்காகத் தொடங்கவில்லை. ஒரு சான்றிதழ்ப் பாடநெறிக்குக் காசு கட்டி, ஆறு மாதத்தில் பெரிய மென்பொருள் செய்யப் பழகி, பாதியில் விட்ட ஆட்கள் எங்களிலும் இரண்டு பேர். அங்கே எல்லாமே மற்றவருடைய கேள்வி. கற்பனைக் கம்பனி, கற்பனை ஊழியர், ஆங்கிலப் பெயர்கள். சின்ன மொழியும் சின்னப் புதிரும் என்றால் கேள்வி எங்கட கையில். ஒலுவிலுக்குப் போகிற பஸ்ஸில், காரைதீவு தாண்டி நிந்தவூர் வருவதுக்கிடையில், ஒரு புதிரை யோசிச்சு முடிக்கலாம்.

எங்கட கெம்பஸ்களில் கலைப் பீட மாணவர்களுக்குக் கணினிப் பாடம் என்றால் பெரும்பாலும் கட்டுரை தட்டச்சுவதும் அட்டவணை கீறுவதும்தான் என்று நினைக்கிறோம். அதோடு வாரத்துக்கு ஒரு புதிர் சேர்த்தால் என்ன? தமிழ்த்துறை எழுத்தை எண்ணட்டும். இஸ்லாமிய நாகரிகம் படிக்கிறவர்கள் வாரிசுப் பங்கை எழுதட்டும். புவியியல் படிக்கிறவர்கள் ஒழுங்கைகளை வரிசைப்படுத்தட்டும். பரீட்சை வைக்க வேண்டாம். பிழைச்சால் ஏன் பிழைச்சது என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். அந்த அரைப் பக்கம்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் கற்றுத் தந்தது.

அதுவரைக்கும் வாசிக்கிற நீங்க இன்றைக்கு இரவு ஒன்றைச் செய்து பாருங்க. உங்கட உம்மாவின் பெயர் இதுவரை எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கு என்று வீட்டில் இருக்கிற பத்திரங்களை எடுத்துப் பார்த்து எழுதுங்க. பிறகு அத்தனையும் ஒரே ஆள்தான் என்று ஒரு கணினிக்கு எப்படி விளங்க வைப்பது என்று யோசிங்க. அதோடு, அதே பெயரில் பக்கத்து வீட்டில் இருக்கிறவரை அந்த விதி அழிச்சிடக் கூடாது.

எங்களுக்கு இன்னும் முழு விடை வரவில்லை. உங்களுக்கு வந்தால் அனுப்புங்க.